கொடிக்காரனின் சிவப்பு அங்கி

என் வீட்டுக்காரருக்குக் கண் போய் ஏழு மாதம் ஆகிறது. சர்க்கரை தின்றுவிட்டது. பஸ் பணிமனையில் இன்ஜின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொன்ன மனுஷன், இப்போது குளியலறைக்குப் போகச் சுவரைத் தடவுகிறார். நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் எனக்கு மூச்சு விட நேரம். அன்றைக்கென்று பார்த்துக் காலையிலேயே ஆரம்பித்தார்.

“சிப்பாய்ங்க பெயின்ட்ட உரிச்சிடலாம்னு பாக்கறேன்.”

சுண்டுவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்கள், மொத்தம் நாற்பத்தொரு பேர். இருபது வருடத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் செருப்புப் பெட்டியோடு வாங்கி வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் சுவருக்கு அடிக்கிற மாதிரி பெயின்டை அப்பி வைத்திருந்தான். அதையெல்லாம் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து உரித்தார். பிறகு ஒவ்வொருவனுக்கும் கண், மீசை, பொத்தான் என்று மூன்று வருடம் தீட்டினார். எனக்கு ஒரு செருப்பு வாங்கித் தர நேரமிருக்காது, இவன்களுக்கு மீசை வரைய மட்டும் நேரமிருக்கும்.

“பைத்தியமா உங்களுக்கு? மூணு வருஷ வேலை அது!”

“பாக்க முடியாத வேலை யாருக்கு? தடவினா எல்லாவனும் மொழுக்குன்னு இருக்கான். பெயின்ட் மேல பெயின்ட், அதுக்கு மேல வார்னிஷ். உரிச்சா மூஞ்சியாவது விரலுக்குத் தெரியும்ல?” என்றவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “கொடிக்காரன மட்டும் தொடாத.”

அது எனக்குச் சொல்ல வேண்டியதா?

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. கொடி பிடித்து நிற்கிற அந்தச் சிப்பாயின் சிவப்பு அங்கி காய்வதற்குள் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். இவர் அவள் முதுகில் ஒன்று வைத்தார். நானாவது தடுத்தேனா? ‘நல்லா வேணும்’ என்றேன். சுரண்டிவிட்டு மறுபடி தீட்டலாம் என்று அவனை வார்னிஷ் போடாமல் ஓரமாக வைத்தார். அதே மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள், எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பள்ளம் மட்டும் ரேகையோடு அப்படியே நின்றுவிட்டது. போட்டோ இருக்கிறது, கண்ணில்லாதவருக்குப் போட்டோ எதற்கு? தினமும் காலையில் எழுந்ததும் கொடிக்காரனை எடுத்து அந்தப் பள்ளத்தைத் தடவுவார். அவருக்கு மகள் என்று மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

கொடிக்காரனை அலமாரியில் வைத்துவிட்டு, மற்ற நாற்பது பேரையும் டப்பாவில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றினேன். தின்னர் என்றால் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். ஸ்பிரிட் பெயின்டை மட்டும் இளக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். கையில் புண் இருக்கிறதே என்று அவருக்கு உறை மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கழற்றி எறிந்தார்.

“உறை போட்டா என்ன தெரியும் எனக்கு?”

“எரியுதுன்னு எங்கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

எரிந்திருக்கும். ஆனாலும் வெறுங்கையாலேயே தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பெயின்ட் தோல் தோலாகக் கழன்று வந்தது. ஒருவனை விரலால் வருடிப் பார்த்தவர் சட்டென்று சிரித்தார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

“ஏய், இவன் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கான்டி! இத்தன வருஷம் எனக்கே தெரியாது!”

எனக்குக்கூட உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“கொடிக்காரன் எங்க?”

“அலமாரியில.”

ஐந்து நிமிடம் கழித்து, “தெரியாம இதோட சேத்துப் போட்டுடலையே?”

“இல்லைங்க.”

“எண்ணிப் பாத்தியா?”

மூன்றாவது முறை, நான்காவது முறை. வாரம் பூராவும் கடையில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். எழுந்து போனேன், அலமாரியைத் திறந்தேன், கொடிக்காரனைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் திணித்தேன்.

“இந்தாங்க. நல்லாத் தடவிப் பாத்துக்குங்க. நான் ஒண்ணும் முழுங்கிடல!”

கோபத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரஷை எடுத்துக்கொண்டேன். பின்னால் அவர் குரல் சாந்தமாகிவிட்டது. பல்லைக் கடித்தவன் எந்த வரிசையில் நின்றான் என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றபோதுதான் திரும்பினேன்.

கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்த விரல் முழுக்க ஸ்பிரிட். நகக்கண் வரைக்கும் சிவப்பு. கொடிக்காரன் முதுகில் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது.

பிடுங்கினேன். பிடுங்கி என்ன செய்ய?

விரல் அப்படியே காற்றில் நின்றது. “இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

என் வாய்தான் சொன்னது. அவர் கையைத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கணும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பாவி, என் கையாலேயே கொடுத்தேன்.

மறுபடி கொடு என்று அவர் கேட்கவில்லை. சிவப்பு ஒட்டிய கையை டப்பாவுக்குள் விட்டு அடுத்தவனை எடுத்தார். மிச்சமிருந்த பதினேழு பேரையும் தேய்த்தார். ஒருவன் முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லோரையும் துணியில் பரப்பிக் காயவைத்தேன். பேப்பரைச் சுருட்டினேன். டப்பாவில் ஸ்பிரிட் சேறு மாதிரி இருந்தது. அவர் விரலில் ஒட்டியிருந்த சிவப்பும் அதில்தான் கரைந்திருந்தது. சாக்கடையில் ஊற்றத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போயிருப்பேன்.

“அதக் கொட்டாத,” என்றார்.

டப்பாவை இறக்கி வைத்துவிட்டு மூடியைத் தேடினேன்.