தம்பி வருவான்

டைட்டஸ் படகில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் தாமிரபரணி வெள்ளம் புன்னக்காயல் ஊருக்குள் புகுந்துவிட்டது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவன் மனைவி டெல்பின் உடனே தன் தம்பி அம்புரோஸுக்குப் போன் போட்டாள். அவனிடம் சொந்தப் படகு இருந்தது.

“யக்கா, பதறாத. எம் பிள்ளைகளக் கோயில்ல எறக்கி விட்டுட்டு அரை மணியில வாரேன். மச்சானத் தூக்க ஆளும் கூட்டிட்டு வாரேன்” என்றான்.

அம்மா இறந்தபோது அம்புரோஸுக்கு ஒன்பது வயது. டெல்பின்தான் சோறு போட்டு வளர்த்தாள். அவன் சொன்னால் அவளுக்கு அதற்குமேல் யோசனையே கிடையாது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாளின் மகன்கள் வாசலுக்கே படகைக் கொண்டுவந்தார்கள். படகு நிறையப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும்.

“டெல்பின், ஏறுதியா? டைட்டஸ எம் பயலுவ தூக்கிக்கிடுவானுவ” என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

“தம்பி வாரான் மயினி. நீங்க இந்தப் பிள்ளைகளக் கொண்டு சேருங்க.”

அரை மணி இரண்டு மணியாயிற்று. போன் அடித்தது, அவன் எடுக்கவில்லை. பிறகு அவன் போனே அணைந்துவிட்டது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டது. டெல்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அம்புரோஸின் படகுதான். நடுவே ஒரு ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் டிவி, இரண்டு மெத்தை.

“ஏலே அம்புரோஸ்! இங்கன வாலே!”

அவன் திரும்பிப் பார்த்தான். அவளை நேருக்கு நேர் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை முடுக்கினான்.

“அவன் நம்மளப் பாத்தாம்லா, டெல்பி?” என்று டைட்டஸ் கட்டிலிலிருந்தே கேட்டான். சாவு பயத்தைவிட அந்த முகம் திரும்பியதுதான் அவளை அறுத்தது.

கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து அழுதாள். பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆண்டவரே, இனி ஒரு மனுசரையும் கூப்பிட மாட்டேன். நீரே பாத்துக்கிடும்” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மூடி இறுக்கிய இரண்டு காலிப் பிளாஸ்டிக் கேன்களை டைட்டஸின் அக்குளுக்கடியில் வைத்துக் கட்டினாள். அவளால் ஒருநாளும் தூக்க முடியாத அந்த உடம்பைத் தண்ணீர் தூக்கியது. பைய இழுத்து அடுப்படி வழியாகப் பின்பக்க மாடிப்படிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்து மேலே இழுத்தாள். அவன் வலியில் கத்தக் கத்த ஜெபம் சொல்லிக்கொண்டே இழுத்தாள். மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாயின் அடியில் இருவரும் புதன்கிழமை வரை கிடந்தார்கள். மழைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அன்று காலை, வேறு ஊரிலிருந்து ஆட்களைத் தேடி வந்த மீனவர்கள் அவர்களைக் கண்டு இறக்கினார்கள். ஒருவர் பேரும் அவளுக்குத் தெரியாது.

மறுநாள் நிவாரண முகாமுக்கு அம்புரோஸ் ஒரு பன் பொட்டலத்தோடு வந்தான்.

“சாமான எறக்கிட்டு ஒடனே வரலாம்னுதான் யக்கா நெனச்சேன். அதுக்குள்ள தண்ணி இழுப்பு கூடிட்டு. பயந்துட்டேன்.”

“பயந்தத நான் குத்தம் சொல்லல. என்னயப் பாத்துட்டு மொகத்தத் திருப்புனியே, அதுக்கு என்ன சொல்லுத?”

அவன் தேம்பினான். “மன்னிச்சிரு யக்கா.”

“அதுக்கும் ஆண்டவர்ட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் மனசு வரல. வந்தா நானே வந்து சொல்லுதேன். இப்பப் போ.”

பொட்டலத்தை வைத்துவிட்டு அவன் போனான். டெல்பின் அதைப் பிரித்து டைட்டஸுக்கு ஒரு பன்னைப் பிட்டு ஊட்டினாள். அவளால் சாப்பிட முடியவில்லை.