டஃபிக்குச் சாப்பாடு வைத்தவள்

லின்ஃபீல்டில் மிஸிஸ் விட்லொக்கின் வீட்டுக்குக் கீழே ஓர் அறை இருந்தது. தனி வாசல், சின்னக் குசினி, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். அந்த அறைக்காகத்தான் யோகராணி ஆறு கிழமை அவருடைய நாய் டஃபியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள்.

அது எண்பத்தேழாம் ஆண்டு ஒக்டோபர். இங்கிலாந்தில், டோர்செட் பக்கத்துக் கிராமமொன்றில் மிஸிஸ் விட்லொக்கின் தங்கை இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளுடைய வீட்டையும் இரண்டு நாய்களையும் பதினொரு கோழிகளையும் பார்க்க அக்கா புறப்பட்டார்.

"டஃபி கிழவன். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு நடை. சரியாகப் பார்த்துக்கொண்டால் கீழறை உனக்கு. உன் தம்பியின் விசாவுக்கான கடிதத்தையும் வந்ததும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி குணரத்தினம் சென்னையில் ஒரு லொட்ஜில் பதினாலு மாதமாகக் காத்துக்கிடந்தான். தங்க இடம் உண்டென்று ஒரு வீட்டுக்காரர் கையெழுத்து வைக்காமல் அவனுடைய படிவம் நகராது. யோகராணிக்கு இருந்த இடமோ அதே நகரில், ஏவன்டேலில் சரோஜாதேவியின் வாடகை வீட்டுச் சோபா மட்டும். சரோஜாதேவி சொந்தமில்லை, ஒரே ஊர், இப்போது ஒரே தையல் தொழிற்சாலை. அவளுடைய தம்பி தவராசாவும் அதே லொட்ஜில், குணரத்தினத்தின் அறையிலேயே இருந்தான்.

முதல் கிழமைகள் கனவு போலப் போயின. டோர்செட்டிலிருந்து அஞ்சலட்டைகள் வந்தன. கோழிகள் முட்டையிட மறுக்கின்றன, நாய்கள் மழையில் இறங்க மறுக்கின்றன என்று மிஸிஸ் விட்லொக் முறையிட்டிருந்தார். யோகராணி அவற்றைக் குசினி மேசையில் வரிசையாக வைத்து, தான் பார்த்திராத அந்த ஈரமான வயல்வெளியில் டஃபியைக் கூட்டிக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்வாள். நடந்ததென்னவோ லின்ஃபீல்ட் தெருக்களில்தான்.

பிறகு கந்தசஷ்டி வந்தது. வழக்கமாக மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவள்தான். ஆனால் இந்த வருஷம் தம்பிக்காக நேர்ந்திருந்தாள்: ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். டஃபியின் சாப்பாடு டோக் ரோல், அதாவது பிளாஸ்டிக் தோல் போர்த்த, கைப் பருமனில் ஓர் இறைச்சி உருளை. அதைக் கத்தியால் வெட்டித் தட்டில் போடவேண்டும். அவள் சரோஜாதேவிக்கு போன் எடுத்தாள்.

"சரோ அக்கா, நான் இந்த ஆறு நாளும் இறைச்சியில கை வைக்கேலாது."

"அதுக்கென்ன பிள்ளை? வேலை முடிய வந்து நான் வைக்கிறன். ஆர் வைச்சாலும் நாய் வாலை ஆட்டும்."

"மிஸிஸுக்கு ஒரு வரி எழுதட்டோ?"

"உனக்கென்ன விசரே? அந்த மனுசி அங்க நிண்டு தலையைப் பிய்ச்சுக்கொள்ளும். நீ வைச்சதெண்டே எழுது."

யோகராணி எழுதினாள்: 'டஃபி என் கையால் நன்றாகச் சாப்பிடுகிறான்.'

சரோஜாதேவி ஆறு பின்னேரமும் தவறாமல் வந்தாள். நாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் கீழறைக்கு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நல்லா வெயில் படுது. குடுத்து வைச்சவள் நீ" என்பாள். தனக்காக ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுகிறாளே என்று யோகராணிக்குக் கண் கலங்கும்.

நவம்பரில் மிஸிஸ் விட்லொக் திரும்பினார். டஃபியைத் தடவிப் பார்த்து, கொழுத்துவிட்டான் என்று சிரித்தார். கடிதத்துக்குச் சனிக்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை உன் சிநேகிதி வடை கொண்டுவந்தாள். ஆறு நாள் நீ டஃபியின் தட்டையே தொடவில்லையாமே?"

"விரதம், மிஸிஸ் விட்லொக்."

"விரதமென்று சொல்லியிருந்தால் நானே வேறு ஆளை ஒழுங்கு செய்திருப்பேன். ஆனால் நீ இப்படியல்லவா எழுதினாய்?" யோகராணி எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தார். "அந்த ஆறு நாளும் வைத்தவள் அவள்தான். கீழறையை அவளுடைய தம்பிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். கடிதமும் கொடுத்தாயிற்று."

எழுதச் சொன்னதே சரோஜாதேவிதான் என்று சொல்ல யோகராணி வாய் எடுத்தாள். ஆனால் மேசையில் கிடந்தது அவளுடைய சொந்தக் கையெழுத்து.

ஏவன்டேலில் சரோஜாதேவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் வந்து நாய்க்கு வைச்சனியள், அக்கா."

சரோஜாதேவி திரும்பவில்லை. "நான் பொய் ஒண்டும் சொல்லேல்ல."

"பொய் எழுதச் சொன்னது ஆர்?"

"ஓம், நான்தான். அப்ப எனக்கு வேற நினைப்பு இல்லை. பிறகு அந்த அறையைப் பாத்தன்." கத்தி நின்றது. "என்ர தம்பியும் அங்கதானே கிடக்கிறான்? உனக்கு இன்னொரு வெள்ளைக்காரி, இன்னொரு நாய் கிடைக்கும். எனக்கு இங்கிலீசும் அரைகுறை, வயசும் போட்டுது."

"அப்ப என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா தந்திருப்பியோ?"

சரோஜாதேவி கையைத் துடைத்துக்கொண்டு, மிஸிஸ் விட்லொக்கின் கடிதம் வைத்த உறையைக் கொண்டுவந்தாள்.

"நீயும் தம்பிக்கு எழுதினா இதுக்குள்ளயே வை. ஒரே அறைக்குத்தானே போகுது."

அந்த உறையை ஒருவன் பிரிப்பதும், பக்கத்துப் பாயிலிருந்து மற்றவன் பார்த்துக்கொண்டிருப்பதும் யோகராணியின் கண்முன் வந்தது.

"வேண்டாம். எனக்கு வேற கவர் இருக்கு."

சோபாவில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்தாள். 'அன்புள்ள தம்பி, அறை கிடைக்கவில்லை. பிழை என்னிலும் இருக்கிறது. தவராசாவுக்கு நல்ல செய்தி வருகிறது. அவனோடு கோபிக்காதே, அவனுக்கு ஒன்றும் தெரியாது.' வழக்கமாக 'சரோ அக்காவும் சுகம்' என்று எழுதும் இடம் வந்தபோது பேனா நின்றது. அதை எழுதாமலே கையெழுத்து வைத்து உறையை ஒட்டினாள். சரோஜாதேவியின் கடிதத்துக்கு முந்தி இது போய்ச் சேரவேண்டும் என்று மழையையும் பாராமல் தபால் பெட்டிக்கு நடந்தாள்.