எதாச்சும் என்ற பலகாரம்

என் மனைவி சௌமியா இறந்த பிறகு யார் எதைக் கேட்டாலும் "எதோ பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள். அவளுடைய சேலைகளை அம்மா யாருக்கோ கொடுத்தார். வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஒருநாள் பார்த்தால் அவளுடைய தையல் மிஷின் இல்லை.

"உன்னக் கேட்டுத்தான சாமி குடுத்தோம்" என்றார் அம்மா.

கேட்டிருக்கலாம். எனக்கு நினைவில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்குக் கணக்கு வேலை. மாலையில் பஸ் ஏறினால் வீடு இருக்கும் ராசிபுரத்தில் இறங்க மாட்டேன். சேலம் வரை போவேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

அப்படித் திரும்பிய ஒரு சாயங்காலம்தான் எங்கள் தெருமுனை டிபன் கடைக்குள் போனேன். நான்கு மேஜை, ஒரு தோசைக்கல். கல்லுக்கு முன்னால் நிற்பவர் பேச மாட்டார். அவர் மனைவி சௌந்திரம் அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"என்னுங்க வேணும்?"

"எதாச்சும் குடுங்க."

"எதாச்சும்னு ஒரு பலகாரம் எங்க கடைல இல்லீங்களே."

பக்கத்து மேஜையில் இருந்த மணிமாறன் சிரித்தார். போர்வெல் வண்டி ஓட்டுகிறவர். "நானும் கேட்டுப் பாத்துட்டனுங்க. அக்கா தரமாட்டேங்குது."

சும்மா இருந்தால் இட்லி வந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டில் அப்படித்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் தட்டை நிரப்புவார்கள். போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். இங்கே ஒன்றும் வரவில்லை. அக்கா என்னைத் தாண்டிப் போனார், வந்தார். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

"ஊத்தப்பம்" என்றேன்.

"வெங்காயம் போட்டா, போடாமயா?"

"போட்டு."

"செரிங்க."

அவ்வளவுதான். தின்றேன். மறுநாளும் போனேன். அவர்களுக்கு சௌமியாவைத் தெரியும். ஆடியில் காய்ச்சல் வந்ததும் ஆவணி பிறக்கும்போது அவள் இல்லாததும் தெருவுக்கே தெரியும். கடையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பொடியா, காரச் சட்னியா, முறுகலா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. சேலம் வரை போகாமல் ராசிபுரத்திலேயே இறங்க ஆரம்பித்தேன்.

தை பிறந்ததும் என் தாய்மாமன் செங்கோட்டையன் வந்தார். வீட்டில் நான் இல்லாததால் கடைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ள, ஊட்டுல அடுப்பு எரியறதில்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் சௌந்திரம் அக்கா வந்து நின்றார். மாமா அவரிடம் திரும்பினார்.

"தோச ஒன்னு. முறுகலா வேண்டாம். நெய் வேண்டாம், நல்லெண்ணெய். மாவு எப்ப ஆட்டுனது?"

"நேத்துங்க."

"ரொம்பப் புளிக்குமா?"

"தோச புளிக்கத்தானுங்க செய்யும்."

"செரி. சட்னி தனியா வேணும். சாம்பாரு தோச மேல படப்படாது."

மணிமாறனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கய்யா, தோசயப் பொண்ணு பாக்கறாப்பல பாக்கறீங்க!"

"பொண்ணெல்லாம் பாத்தாச்சு தம்பி" என்றார் மாமா. "அதச் சொல்லத்தான் வந்தேன்."

போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பரமத்தி வேலூரு. வெத்தலக் கொடிக்கால், வாழத் தோட்டம், எல்லாம் இருக்குது. பொண்ணு பேரு சண்முகப்பிரியா. படிச்சிருக்குது. புதங்கெழம போயி பூ வெச்சுரலாம். நீ ஊன்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பவே போன் போட்டுர்றேன்."

எதோ பாத்துச் செய்யுங்க என்பது நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் மாமா போய்விடுவார். புதன்கிழமை வந்துவிடும்.

"அந்தப் பொண்ணக் கேட்டீங்களா மாமா?"

"என்னத்த?"

"என்னயக் கட்டிக்கச் சம்மதமான்னு."

"அவங்கப்பனக் கேட்டாச்சு. அது என்ன சொல்லும்? பெரியவங்க பாத்துச் செய்யுங்கன்னுருச்சாம். தங்கமான புள்ள."

அவளும் அதைச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

தோசை வந்தது. மாமா ஓரத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "நல்லெண்ணெதான?"

"ஆமாங்க."

"தோசைக்கு இத்தன கேக்கறீங்களே மாமா" என்றேன்.

"திங்கப்போறது நானு. கேக்காம?"

"எனக்கு வேண்டாங்க."

"தோசயா?"

"பொண்ணு."

கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப வேண்டாம்னா செரி. ஆறு மாசம் போகட்டும்."

"அப்பவும் நாந்தான் சொல்லோணும். அதுவரைக்கும் யாருக்கும் போன் போடாதீங்க மாமா."

"உங்கம்மா அழுவா."

"அழுவாங்க."

மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோசையை முழுவதும் தின்றார். கோபத்திலும் சாம்பாரைத் தள்ளியே வைத்திருந்தார். வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போனார்.

சௌந்திரம் அக்கா மேஜையைத் துடைத்தார். "உங்களுக்கு என்னுங்க?"

யோசித்தேன். "இன்னைக்கு ஒன்னும் வேண்டாங்க. தண்ணி மட்டும்."

"செரிங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தையல் மிஷின் யாருகிட்ட இருக்குது?"

"அயோத்தியாப்பட்டணத்துல பெரியநாயகி சித்தி வெச்சிருக்குது. இப்ப எதுக்கு சாமி?"

"எனக்கு வேணும். நாளைக்குப் போயி எடுத்துக்கறேன்."

அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டேன்.

மணிமாறன் திரும்பி உட்கார்ந்தார். "பஸ்ல ஏத்த மாட்டானுங்க. வண்டி ஒன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"ஏனுங்க, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க அது?"

கல்லுப் பக்கமிருந்து சௌந்திரம் அக்காவின் குரல் வந்தது. "அவரு என்ன வேணும்னு சொல்லிட்டாரு மணி. உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."