பத்திலிருந்து நாலு வரை

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. இருபது வருடமாகப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவளிடம் ஒரு பதிப்பாளரம்மா நாவல் கேட்டார். டிசம்பருக்குள் வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

"எங்கங்க நேரம் இருக்கு? கதவைத் தட்டுறவங்களுக்கும் ஃபோனுக்கும் பதில் சொல்லியே பொழுது போயிடுது" என்று புருஷனிடம் புலம்பினாள்.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். முப்பத்தோரு வருடம் விசில் ஊதி வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட மனிதர். வீட்டில் கிளப்பிவிட ஒன்றுமில்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது.

"நேரம்தானே? அதை என்கிட்ட விடு" என்றார்.

மறுநாளே ஒரு அட்டவணை எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை அவள் பின்னறையில் இருப்பாள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி. அவள் ஃபோன் அவர் சட்டைப் பையில். பின்னறைக் கதவு மூடியதும் வீடு மூச்சுக்கூட விடாது.

சொன்னபடியே செய்தார். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். குக்கரை மூலையில் வைத்துவிட்டு, விசில் சத்தம் வராமலிருக்க அரிசியைப் பானையில் வேகவைக்கக் கற்றுக்கொண்டார். டிவியில் கிரிக்கெட்டை ஊமைப்படமாகப் பார்த்தார். அவளுடைய அக்கா கூப்பிட்டால், "வேலையா இருக்கா அண்ணி, நாலு மணிக்கு மேல" என்று குசுகுசுப்பார்.

"மந்திரியைப் பார்க்கப் போனாக்கூட இவ்வளவு கெடுபிடி இல்ல தம்பி" என்று அக்கா அலுத்துக்கொண்டாள்.

இப்படியே மூன்று வாரம் போனது. பின்னறையில் நடந்தது என்னவென்றால், ஒன்றும் நடக்கவில்லை.

கதாநாயகியின் பெயரை ஏழு முறை மாற்றினாள். அலமாரிப் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கினாள், பிறகு பிடிக்காமல் கலைத்தாள். கதையில் ஒருவருக்குப் பல்வலி வந்தது. பல்வலிக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டரில் தேடப்போய், பல் துலக்கும் பிரஷ்ஷின் வரலாறு முழுவதையும் படித்து முடித்தாள். எதிர்வீட்டு மாடியில் கொத்தனார்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எத்தனை வரிசை செங்கல் ஏறியது என்று கேட்டால் பட்டென்று சொல்வாள். எழுதியது பதினாலு பக்கம்.

நாலு மணிக்கு வெளியே வந்ததும் அவர் காபியோடு நிற்பார். "எப்படிப் போச்சு?"

"போகுதுங்க" என்பாள். அவர் முகத்தைப் பார்க்காமல் காபியை வாங்கிக்கொள்வாள்.

நாலாவது வாரம் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். பின்னறை ஜன்னலுக்குக் கீழே யாரோ இருமும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சுவரோரம் குடை பிடித்துக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்தியபடி அவர்தான் நின்றார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் வாசலிலிருந்து கேட்டாள், "என்ன சார், சளியோட மழையில நிக்கிறீங்க?"

"உள்ள இருமினா அவளுக்குத் தொந்தரவும்மா. மும்முரமா எழுதுறா. இருநூறு பக்கம் தாண்டியிருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

நேரே வெளியே போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள்.

"மணி பதினொண்ணரைதானே ஆகுது? ஏன் வந்துட்ட?" என்று பதறினார்.

"பதினாலு பக்கம்தாங்க."

"இன்னைக்கா?"

"மொத்தமே."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள், பிரஷ் உட்பட. அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"எங்க டிப்போவில ஒரு வண்டி தினமும் நேரத்துக்குத்தான் கிளம்பும். போய்ச் சேர்றது மட்டும் நாப்பது நிமிஷம் லேட்டு" என்றார். "ஒரு நாள் நானே ஏறி உட்கார்ந்துட்டுப் போனேன். டிரைவர் வழியில மூணு டீக்கடையில நிறுத்துறான். நான் கூட இருந்த அன்னைக்கு ஒரு கடையிலயும் நிறுத்தல."

"அதுக்கு?"

"நானும் உள்ள வந்து உட்காரட்டுமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

அடுத்த நாள் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரும் பின்னறைக்கு வந்தார். இன்டர்நெட் பெட்டியை அணைத்தார். குறுக்கெழுத்துப் போட்டியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதிரே அலமாரியை அடுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் எழுதினாள். இருபது நிமிடத்தில் அவர் தூங்கிப்போய்க் குறட்டை விட ஆரம்பித்தார். எழுப்பலாம் என்று நிமிர்ந்தவள், வாக்கியம் பாதியில் நிற்பதைப் பார்த்து அதை முடிக்கக் குனிந்தாள். அப்படியே இரண்டு பக்கம் ஓடிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவளுக்கே தெரிந்தது, இதற்கு மேல் உட்கார்ந்தால் செங்கல் எண்ண வேண்டியதுதான் என்று. பேனாவை மூடினாள்.

"இவ்வளவுதாங்க என்னால முடியும். ஆறு மணி நேரமெல்லாம் சும்மா பேச்சு."

"அப்ப அட்டவணையைக் கிழிச்சிடலாம்" என்றார் அவர், எதையோ பறிகொடுத்த மாதிரி. ஆனால் அவரேதான் கிழித்தார். ஒயரையும் திரும்ப மாட்டினார்.

அதன்பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம்தான். மீதி நேரத்தில் அக்காவோடு மணிக்கணக்கில் பேசினாள், பல்வலி வேறு யாருக்கெல்லாம் வந்தது என்று விசாரித்தாள், கடைக்குப் போனாள். டிசம்பர் வந்தது, போனது. பதிப்பாளரம்மாவிடம் கெஞ்சி இரண்டு மாதம் அவகாசம் வாங்கினாள். பிப்ரவரி கடைசியில் நாவல் முடிந்தது.

கையெழுத்துப் பிரதியை முதலில் அவரிடம்தான் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். ஃபேனைக் கூட்டினாள், குறைத்தாள். எந்தப் பக்கம் வந்திருக்கிறார் என்று தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவர் விரலை வரியில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"கொஞ்சம் படிக்க விடேன்மா" என்றார். "இப்பதான் சூடு பிடிக்குது."