செடிக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

பக்கத்து வீட்டு ரோஜாவைத் தலையில் வைத்துக்கொண்டு மகள் காலேஜ் பஸ் ஏறுவதைப் பார்க்கும் தலையெழுத்து எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. பாண்டிசெல்விக்கு வந்துவிட்டது.

மகள் யுவராணி கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அம்மாவிடம் அவள் வாய் திறந்து பேசியது காலையில் மட்டும்தான். வாசல் செடியில் ஒரு ரோஜாவைப் பறித்து வந்து, பின்னலைக் காட்டி நிற்பாள். பூவைக் குத்தி முடிப்பதற்குள் காலேஜில் நடந்ததை எல்லாம் கொட்டிவிடுவாள். சாயங்காலம் வந்தால் போன்தான். ஐப்பசி மழை பிடித்ததும் செடியின் இலைகளில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்தது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் ஓடி, இலை கொட்டி, செடி பாதி முள்ளாக நின்றது. பூவும் நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் காளீஸ்வரியின் செடியோ பூத்துத் தள்ளியது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் குடிவந்த புதிதில் நர்சரிக்குக் கூட்டிப்போனதே பாண்டிசெல்விதான். இரண்டு செடியும் ஒரே நாளில் வாங்கியவை. அன்றைக்குத் தனக்கிருந்த நல்ல மனசை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

காலையில் யுவராணி அந்த கேட்டில்தான் நிற்கிறாள். "அத்தை, பூ!" என்கிறாள். காளீஸ்வரி குத்திவிடுகிறாள். கதை எல்லாம் அங்கேயே கொட்டப்படுகிறது. சிரிப்பு மட்டும் மதில் ஏறி இந்தப் பக்கம் வருகிறது. பாண்டிசெல்விக்கு வயிறு எரிந்தது. கல்லில் கிடந்த தோசையும் எரிந்தது.

"அவ கண்ணு பட்டுத்தான் என் செடி கருகிப்போச்சு," என்று நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் வேல்பாண்டியிடம் சொன்னாள்.

"செடிக்கு ஏதோ சீக்கு. பூச்சி மருந்துக் கடையில கேளு."

"ஒங்களுக்கு நூலத் தவிர என்ன தெரியும்?"

செடியில் கறுப்புக் கயிறு ஏறியது, எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரை இலை இலையாக, சொட்டச் சொட்டத் தெளித்தாள். புள்ளி கூடியது. எவ்வளவு பொல்லாத கண் என்று திட்டிக்கொண்டே தண்ணீரையும் கூட்டினாள்.

பாக்கி இருந்தது காலடி மண். கண் வைத்தவளின் காலடி மண்ணை எடுத்து, மிளகாய் வத்தல், உப்போடு சுற்றி அடுப்பில் போட்டால் கண் கழிந்துவிடும். மழை விட்ட ஒரு மத்தியானம், காளீஸ்வரி வீட்டு கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, ஈர மண்ணில் பதிந்திருந்த கால் தடத்தைக் குனிந்து அள்ளினாள்.

"வாங்க மதினி."

ரோஜாச் செடிக்குப் பின்னால் காளீஸ்வரி குத்தவைத்திருந்தாள். கையில் ஒரு பை. அதில் கறுப்புப் புள்ளி விழுந்த இலைகள்.

பாண்டிசெல்வி மண்ணை முந்தானைக்குள் மறைத்தாள். "ஒன் செடிக்குமா?"

"மழை பெஞ்சா எல்லாச் செடிக்கும் வரும். நான் அன்னன்னைக்கே பறிச்சு எரிச்சிருவேன், மருந்தும் அடிக்கேன். தண்ணிய வேருலதான் ஊத்தணும் மதினி. சாயங்காலம் எலை நனைஞ்சா விடியுறதுக்குள்ள பரவிரும்."

பாண்டிசெல்விக்குக் காது சுட்டது. "நான் தெளிக்கிறதப் பாத்தியா?"

"தெனமும் பாத்தேன்."

"பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டா இருந்த?"

காளீஸ்வரி பையின் வாயைச் சுருட்டினாள். "சொன்னா ஒங்க செடி பூத்துரும். பொறவு அந்தப் புள்ள இங்க ஏன் வரப்போகுது? இந்தத் தெருவுல என் கேட்டத் தட்டுறது அது ஒண்ணுதான். முன்ன நீங்க அதுக்குப் பூ வைக்கிறதப் பாத்துப் பாத்து எனக்கு அம்புட்டுப் பொறாமை மதினி."

ஆக, கண் வைத்தது நிஜம்தான். செடி மேல் இல்லை, மகள் மேல். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் பாண்டிசெல்விக்கு நாக்கு துடித்தது. முந்தானைக்குள் இருந்த மண் கேட்கவிடவில்லை. வீட்டுக்கு வந்து, மண்ணை உதறி, புள்ளி இலைகளைப் பறித்துத் தீ வைத்தாள். எலுமிச்சம்பழத்தையும் அவிழ்த்தாள்.

தை மாதம் செடி பூத்தது. "அம்மா, நம்ம பூ!" என்று யுவராணி பின்னலைக் காட்டி நின்றாள். பாண்டிசெல்வி வேண்டுமென்றே மெதுவாகக் குத்தினாள், கதை முழுவதையும் கேட்டாள். பஸ் போன பிறகு திரும்பினால், காளீஸ்வரி தன் கேட்டருகே ஒரு ரோஜாவோடு நின்றுகொண்டிருந்தாள். நன்றாக நிற்கட்டும் என்றுதான் பாண்டிசெல்வி முதலில் நினைத்தாள். அன்று முழுக்க அந்த நினைப்பு அவளைச் சாப்பிடவிடவில்லை.

மறுநாள் மகள் பறித்து வந்த பூவை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"இது எனக்கு. நீ போயி அத்தைகிட்ட வாங்கிக்க."

"ஏம்மா?"

"ஏட்டி, போன்னா போ. திங்களும் வெள்ளியும் மட்டுந்தான். மத்த நாளு என் பூ."

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாண்டிசெல்விக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் பஸ் ஹாரன் கேட்கும்வரை மகளைக் கூப்பிடவில்லை.