சிவப்புக் கரை வைத்த பன்னிரண்டு பேர்

வாசல் மணி அடித்தபோது ஹேஸல் பன்னிரண்டாவது சிப்பாயின் சட்டைக்குச் சிவப்புக் கரை இழுத்துக்கொண்டிருந்தாள். பாதிக் கரைதான் ஆகியிருந்தது. கை தானாகவே தூரிகையைத் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் படுக்கவைத்தது, வண்ணப் புட்டிகள் மேல் செய்தித்தாளை விரித்தது, ஓர் அங்குல உயரச் சிப்பாயைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டது. மணி அடித்தால் இதைத்தான் செய்வாள். ஒன்பது வருடப் பழக்கம்.

அவள் கணவர் டெஸ்மண்ட் இறந்து இன்னும் ஒரு முழு நாள் ஆகவில்லை. முந்தைய நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலேகாலுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. அடக்கத்துக்கு இரண்டரை வாரம் தள்ளித்தான் நாள் கிடைத்திருந்தது. மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர முடியும். அழுது ஓய்ந்த பிறகு ஒரு வீட்டில் செய்வதற்கு எதுவுமே இருக்காது என்பது ஹேஸலுக்கு அதுவரை தெரியாது. விடிந்ததும் பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் நைஜல் நின்றார். டெஸ்மண்டோடு சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பொம்மைப் படைப் போட்டி நடத்துகிறவர். மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பாத்திரத்தை நீட்டிவிட்டு, கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஷூவில் துடைக்க ஒன்றுமே இல்லை.

போட்டியைத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டார். நாளைக்கே அது.

"தள்ளிவைச்சா அவருக்குக் கோபம் வரும்," என்றாள் ஹேஸல். "நான் இருந்தாலும் இல்லாட்டியும் பத்து மணிக்கு முதல் சுற்றுன்னு செவ்வாய்க்கிழமைகூடச் சொன்னார்."

நைஜல் தலையாட்டினார். அப்படியானால் டெஸ்மண்டின் படையையாவது போட்டிக் கூடத்தில் வைக்க வேண்டும் என்றார். முன்னறையில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போதுதான் ஹேஸலுக்குச் சுருக்கென்றது. முடித்த பதினொரு பேரையும், எப்போதும் செய்கிற மாதிரி, காயக் காயப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு பேரையும் புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே நைஜல்தான். வெறும் சாம்பல் பூச்சு, வேறு ஒரு பொட்டு நிறம் இல்லை. கையில் மருந்து ஊசியோடு படுத்திருந்த மனிதர், "சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஹேஸலைப் பார்த்தார். நைஜலும் பக்கத்திலேயே இருந்தார். மறுநாளே இறந்துபோனவர் பதினொரு பேரைத் தீட்டியிருக்க முடியாது என்பது பெட்டியைத் திறந்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது அற்ப விஷயமாகத்தான் படும். தொப்பை விழுந்த ஆண்கள் ஒரு கூடத்தில் கூடி, பச்சைத் துணி விரித்த மேஜைமேல் ஈயச் சிப்பாய்களை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன சண்டைகளை மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கும் நியாயம் அநியாயம் உண்டு. டெஸ்மண்ட் எழுதிய விதிகளில் மூன்றாவது: தீட்டியவரே ஆட வேண்டும். கடையில் தீட்டி வாங்கிய படை, அடுத்தவர் தீட்டிக் கொடுத்த படை எதுவும் மேஜைக்கு வரக் கூடாது. வேறு ஊர்ப் போட்டிகளில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே சிரிக்க மாட்டார்கள்.

விதி எழுதியவருக்கே ஒன்பது வருடம் முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஒரே ஒரு சிப்பாய்க்கு இடுப்பு வார் மட்டும் போட்டுத் தரச் சொன்னார். அப்புறம் கேடயங்கள். அப்புறம் யானைகள். ஹேஸலுக்கு நுணுக்கமான கை. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கூடத்தில் எல்லோரும் குனிந்து பார்த்து, "வயசாக ஆக உங்க கை இன்னும் மெருகேறுது டெஸ்" என்பார்கள். அவர் நடுங்கும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்வார். தேநீர் மேடைக்குப் பின்னால் ஹேஸல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பிப்பார். அந்தப் புகழ் முழுக்க அப்படி வீடு வந்து சேர்ந்துவிடும்.

வருத்தமெல்லாம் பாரி டக்கெட் விஷயத்தில்தான். ஆறு வருடம் முன்னால் யார்க் நகரிலிருந்து முதல்முறையாக வந்தவர், பெரிய உருவம், கூச்ச சுபாவம். பெட்டியைத் திறந்ததும் டெஸ்மண்டுக்குத் தெரிந்துவிட்டது, தீட்டி வாங்கிய படை. எல்லோர் முன்னாலும், மரியாதையாகத்தான், "உங்க கையால தீட்டிக்கிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றார். பாரி பெட்டியை மூடிக்கொண்டு ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று டெஸ்மண்ட் ஆடிய படை ஹேஸல் தீட்டியது. காரில் திரும்பும்போது, அந்த மனுஷனை விட்டிருக்கலாமே என்றாள். விதி விதிதான் என்றார் அவர். திங்கட்கிழமை வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் சுரங்கத் தொழிலாளர் மன்றக் கூடத்துக்குப் போய்விட்டாள். யார் கண்ணிலும் படாமல் அந்தப் பதினொரு பேரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எண்ணம். செத்த மனிதரைப் பொய்யர் என்று யாரும் சொல்லக் கூடாது.

கூடத்தில் பன்னிரண்டு மேஜைகளும் போட்டாகிவிட்டது. நைஜல் குன்றுகளையும் பஞ்சு மரங்களையும் வைத்துக்கொண்டிருந்தார். கடைசி மேஜையில் டெஸ்மண்டின் படை, ரோமை எதிர்த்த பழைய கார்த்தேஜ் படை, முழுக்க அணிவகுத்து நின்றது. மூன்று யானைகள், குதிரைகள், முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்குச் சிவப்புக் கரை வைத்த ஸ்பானியக் காலாட்கள். ஆறு பேர், பின்னால் ஐந்து பேர், ஒரு இடம் காலி.

நைஜல் அவளைப் பார்த்தார். கையிலிருந்த மரத்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"ஒன்பது வருஷம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், திரும்பவும் கழற்றினார். தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. "யாருக்கும் தெரிய வேண்டாம் ஹேஸல்" என்றார். அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. உடனேயே ஏனோ அது கசந்தது; பதினொரு பேரையும் அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் மேடைக்குப் போனாள்.

ஒன்பதரைக்குள் கூடம் நிறைந்துவிட்டது. மழைக் கோட்டுகள், பெட்டிகள், வறுத்த பன்றி இறைச்சி வாசனை. ஒவ்வொருவராக வந்து, "மனசு கஷ்டமாயிருக்கு ஹேஸல்" என்று சொல்லிவிட்டு, வேறு வார்த்தை கிடைக்காமல் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பதிவு செய்தவர் இருபத்துநான்கு, வந்தது இருபத்துமூன்று. ஒருவருக்கு வழியில் வண்டி நின்றுவிட்டது. ஒற்றைப்படை வந்தால் எப்போதும் டெஸ்மண்ட்தான் ஈடுகட்டுவார். போட்டியில் தன் பெயரைச் சேர்க்காமல் படையை மட்டும் தயாராக வைத்திருப்பார். எதிராளி கிடைக்காமல் மிஞ்சுகிறவரோடு ஆடுவார். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்பார். முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மிஞ்சியது பாரி டக்கெட்.

ஒரு நிமிட மௌனம் முடிந்ததும் நைஜல் ஒலிவாங்கியில் பேசினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. டெஸ் கடைசியாகத் தீட்டியவர்கள் பன்னிரண்டாவது மேஜையில் நிற்கிறார்கள், ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை என்றார். சிறந்த தீட்டலுக்கான பரிசு இந்த வருடத்திலிருந்து டெஸ்மண்ட் கோப்பை என்றார். முதல் சுற்றில் பாரியோடு டெஸின் படையைத் தானே ஆடுவதாகவும், நடுவில் யாராவது தகராறு என்று கூப்பிட்டால் பாரி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பாரி எழுந்து நின்று தட்டினார்.

ஹேஸல் அவர் மேஜையைப் பார்த்தாள். அவருடைய ரோமானியர்கள் நின்றார்கள். ஒருத்தன் கண் நெற்றியில் இருந்தது. இன்னொருத்தன் சட்டைச் சிவப்பு கழுத்து வரை வழிந்திருந்தது. அதற்கப்புறம் வருடா வருடம் வருகிறார், ஒவ்வொரு வருடமும் தீட்டலுக்குக் கடைசி மதிப்பெண். அந்தப் பெரிய மனிதர், கண்ணில் நீரோடு, டெஸ்மண்டுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஹேஸலால் அதைப் பார்க்க முடியவில்லை. வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டுத் தேநீர் மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

பாரி குனிந்து ஸ்பானியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தலைமுடி கனம் இருக்கு இந்தக் கரை," என்றார். "எனக்கெல்லாம் ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. அவர் கைக்கு—"

"அவர் தீட்டலை," என்றாள் ஹேஸல். "நான்தான். இவங்க மட்டும் இல்ல, எல்லாமே. உங்களைத் திருப்பி அனுப்பின வருஷமும் நான் தீட்டினதுதான்."

பாரி நிமிர்ந்தார். பக்கத்து மேஜைகளில் பெட்டி திறக்கும் சத்தம், சிரிப்புச் சத்தம். அவர் யானைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"அன்னிக்குத் திரும்பிப் போறப்ப ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்," என்றார். "அம்பத்தெட்டு வயசு எனக்கு அப்ப. வீட்டுல போய், ஆட்டம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

மன்னிப்பு டெஸ்மண்ட் சார்பில் கேட்க வேண்டியதா, தன் சார்பிலா என்று ஹேஸலுக்குத் தெரியவில்லை. "அவருக்குக் கை நடுங்கும்," என்று மட்டும் சொன்னாள். "அதை யார்கிட்டயும் சொல்ல அவரால முடியல."

பாரி மறுபடி குனிந்து ஸ்பானியர்களைப் பார்த்தார். நைஜல் அளவு நாடாவும் கையுமாக அந்த மேஜைக்கு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க வேண்டாம் நைஜல்," என்றார் பாரி. "ஹேஸல் ஆடட்டும்."

"எனக்கு ஆடத் தெரியாது," என்றாள் ஹேஸல்.

"எனக்கும் தீட்டத் தெரியாமத்தான் இருந்துச்சு. கத்துக்கலையா?" குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் எதிர்ப்பக்கத்து நாற்காலியை அவர்தான் இழுத்துப் போட்டார். "மூணாவது விதி. தீட்டினவங்கதான் ஆடணும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் தணிந்த குரலில் சொன்னார். மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நைஜல் நாடாவை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஹேஸல் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் யானைகளின் பின்புறம்தான் தெரிந்தது. இத்தனை காலம் டெஸ்மண்ட் பார்த்தது இதைத்தானா என்று நினைத்தாள். அப்போதுதான், வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து முதல்முறையாக, அவர் இனி வரவே மாட்டார் என்பது உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை தேடிக் கம்பளிச் சட்டைப் பைக்குள் கைவிட்டாள். விரலில் பன்னிரண்டாவது சிப்பாய் தட்டுப்பட்டான்.

வெளியே எடுத்தாள். இடப்பக்கம் சிவப்புக் கரை, வலப்பக்கம் வெறும் வெள்ளை. முடிக்காத சிப்பாயை மேஜையில் வைக்கக் கூடாது. அது நாலாவது விதி. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தும் பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தில் அவனை வைத்தாள்.

பாரி பார்த்தார். கூடத்தின் அந்தக் கோடியில் நைஜல் தொடக்க மணியைக் கையில் தூக்கிவிட்டார். பாரி தன் தடித்த கையை மேஜைக்குக் குறுக்கே நீட்டி, சிப்பாயைச் சற்றே திருப்பி, ஆட்கள் போய்வரும் பக்கம் கரை மட்டும் தெரியும்படி நிறுத்தினார். பிறகு பகடையை அவள் பக்கம் தள்ளினார்.