சலேஹாவின் பாக்கி

"என் தம்பிக்கு யாராச்சும் கடன் குடுத்திருந்தா இப்பவே சொல்லிருங்க. கடனோட அவன மண்ணுக்குள்ள அனுப்ப மாட்டேன்" என்றார் ஹாஜி பிடின். கூடத்தில் தம்பியின் மையத்து சந்தூக்குப் பெட்டியில் அடக்கத்துக்குத் தயாராக இருந்தது.

சமையற்கட்டில், கபுர் மண்ணில் தூவ வாசனைப் பாண்டான் இலை நறுக்கிக்கொண்டிருந்த இறந்தவரின் மனைவி சலேஹா கத்தியை நிறுத்தினாள். அந்த மலாய்க் கிராமத்தில் இந்தக் கேள்வியைச் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி யாரும் கேட்டதில்லை.

மீன்காரன் ஒரு பாக்கி சொன்னான். மெக்கானிக் டயர் பாக்கி என்றான். சொத்தைப் பிரிக்கும் ஷரியா கோர்ட்டில் கொடுக்க இமாம் குறித்துக்கொண்டார். கடைசியில் ஹாஜியே கனைத்தார்.

"கூரை போட்டது என் காசு. அதுக்கு இந்த வீடுதான் ஈடு. அண்ணன் தம்பிக்குள்ள சாட்சி எதுக்கு?"

சலேஹாவுக்கு இருப்பது இந்த ஒரு வீடு. மழை வந்தால் ஒழுகி, அறைக்கு அறை சட்டி வைக்க வைக்கும் கூரை. அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஹாஜியின் மனைவி ரொக்கியா அருகில் வந்து கிசுகிசுத்தாள். "மகர் பாக்கிய மன்னிச்சுட்டேன்னு சொல்லிரு. எல்லாரும் சொல்றதுதானே. புருசன் நிம்மதியாப் படுக்க வேணாமா?"

"இருந்தப்பவும் நிம்மதியாத்தான் படுத்தாரு அக்கா. எழுப்புறதுதான் என் பாடு."

கையைத் துடைத்துக்கொண்டு சலேஹா கூடத்துக்கு நடந்தாள்.

"எனக்கும் பாக்கி இருக்கு இமாம். நிக்காஹ்ல அவரு எனக்குத் தர்றதாப் பேசுன மகர், பத்துப் பவுன். பெறகு தர்றேன்னாரு. எழுதிக்கங்க."

"மையத்து முன்னால பேசுற பேச்சா இது?" ஹாஜி கொதித்தார். "மன்னிச்சு விடு!"

"நீங்க மொதல்ல கூரைய மன்னிங்க அண்ணே. பெரியவங்க வழிகாட்டுங்க."

மீன்காரன் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினான்.

"சாட்சி இருக்கா ஒனக்கு?"

"இருக்கே. அன்னிக்குக் கையெழுத்துப் போட்ட சாட்சி நீங்கதானே?"

இமாம் நிமிர்ந்தார். "ஹாஜி, தம்பி முன்னால வச்சுக் கேக்குறேன். உண்மையா?"

ஹாஜி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அதுவும் உதவிக்கு வரவில்லை.

"உண்மைதான்."

"கூரைக்குச் சாட்சி?"

ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இமாம் மகரை எழுதினார், கூரையை எழுதவில்லை.

சந்தூக்கின் மேல் நழுவியிருந்த பாத்திக் துணியைச் சலேஹா இழுத்துச் சரிசெய்தாள். "கோவிச்சுக்காதீங்க" என்றாள் கணவனிடம் மெதுவாக. "இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் குறுக்க பேசாமக் கேட்டீங்க."

பிறகு குரலை உயர்த்தினாள். "உள்ள இருக்குறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க இமாம்."

சமையற்கட்டில் கத்திச் சத்தம் மொத்தமாக நின்றது. ரொக்கியாவின் குரல் வந்தது.

"ஹாஜி, எனக்கும் மகர் வரல. நீங்க உசுரோட கேக்குற நெலமையில இருக்கும்போதே சொல்லிட்டேன்."